மடத்துக் காசின் கடைசித் தவக்காலம்

1169, பிப்ரவரி 10, திங்கள்

மடத்துத் தாயாரைப் புதைத்த இடத்தில் மண் உள்வாங்கிவிட்டது. ஓயாத மழை. இன்னும் இரண்டு வண்டி மண் கொட்டச் சொன்னேன். புதிய தாயாரைத் தேர்ந்தெடுக்கும்வரை ரிஷில்த் அக்காதான் மடத்தை நடத்துவாள். துணைத் தாயார் என்ற பெயரில் இத்தனை நாளும் அவள்தான் நடத்தினாள், அது வேறு. நான் பண்டசாலைக்காரி. மெழுகு, துணி, வெள்ளி, காசுப்பட்டறை எல்லாம் என் தலையில்.

துக்கம் விசாரிக்க என்று கோட்டையிலிருந்து கிரிமோ வந்தான். அன்சோ பிரபுவின் காரியக்காரன். திராட்சரசம் குடித்தான். "பெரியம்மா போனது ஊருக்கே இழப்பு" என்று கண்ணைத் துடைத்தான். துடைத்த கை ஈரமாகவில்லை.

பிறகு மெதுவாக, "அந்தக் காசு அச்சு ரெண்டும் பத்திரமா இருக்கா?" என்றான்.

"இருக்க வேண்டிய இடத்தில இருக்கு."

"கோவிச்சுக்காதீங்கம்மா. மடத்துக்கு இப்ப தலை இல்ல. தலையில்லாத வீட்டுல அந்த மாதிரி சாமானை வெச்சிருக்கலாமா? கோட்டையில காவல் இருக்கு, பெரிய கதவு இருக்கு. பிரபு உங்களுக்குப் பாதுகாவலர்தானே, வேத்தாளா?"

பாதுகாவலர்! ஓநாயும் ஆட்டுக்குப் பக்கத்திலேயேதான் படுக்கப் பார்க்கும்.

அந்த இரண்டு இரும்பும் இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் காசு இல்லை. மேலச்சில் எங்கள் புனித அவெலீனாவின் முகம், கீழச்சில் சிலுவை. நடுவில் வெள்ளித் தகட்டை வைத்து ஓர் அடி. பழைய அரசர் ஒருவர் புனிதைக்குக் கொடுத்த உரிமை. ஆற்றங்கரைவரைக்கும் உப்பு விற்பவனும் ரொட்டி சுடுபவளும் அந்த முகத்தை நம்பித்தான் கை நீட்டுகிறார்கள். மலைக்கு அப்பால் பிரபுவின் அண்ணன் ஊரில் அடிக்கிற காசு ஒரு மழைக்காலம் கடந்தால் செம்பு நிறம் காட்டிவிடும்.

பிப்ரவரி 14

கிரிமோ மறுபடி வந்தான். இந்த முறை திராட்சரசம் கேட்கவில்லை.

மார்ச் 6, சாம்பல் புதனுக்கு மறுநாள்

பெர்னியேயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் காசடிப்பவன். சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவனை, பீன்ஸ் கூழ் வாயில் இருக்கும்போதே, கையைப் பின்னால் கட்டி இழுத்துப் போனார்களாம். கள்ளக்காசு அடித்தான் என்று குற்றம். பெர்னியேயா! ஒரு தகடு எடை குறைந்தால் முகம் சுளித்து மறுபடி உருக்கப் போடுகிறவன்.

அவன் பெண்டாட்டி எர்சாந் மடத்து வாசலில் வந்து நின்று கத்தியது ஜெபக்கூடம்வரை கேட்டது.

"வெளிய வாங்கம்மா! உங்க புனிதை மூஞ்சிய அடிச்சு அடிச்சே அவன் காது மந்தமாச்சு. இப்ப உங்களுக்குக் காது கேக்கலியா?"

ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 7

கிரிமோ முற்றத்தில் நின்றே சொன்னான், உட்காரவில்லை. அச்சு இரண்டும் கோட்டைக்கு வர வேண்டும். வந்தால் பெர்னியே வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் தவக்கால நடுவில் கூடும் பெரிய சந்தையில், எல்லாரும் பார்க்க, கள்ளக்காசுக்காரனுக்கு என்ன உண்டோ அது. வலது கை.

பிறகு எல்லாரும் சபைக்கூடத்தில் கூடினோம். ரிஷில்த் அக்கா எழுந்து நின்றாள். அவளுக்கு முழங்கால் வலி, எழுந்திருப்பதே பெரிய காரியம்.

"கொடுக்க முடியாது. பிரபு கைக்கு அது போன மறுமாசம் பாதிக்குப் பாதி செம்பு. மேல புனிதை முகம். விதவை ஒருத்தி ஒரு பசுவை வித்துட்டு அந்தக் காசை முடிஞ்சு வெப்பா. அப்புறம் அவ வயித்துல யார் மண்ணப் போட்டது? நாம."

நான் கேட்டேன்: "பெர்னியே கை?"

"அவன் கைக்காக நான் அழுவேன், ஒதீல். ஆனா கொடுக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்றைக்கெல்லாம் என்னை அறுக்கிறது.

திருச்சபை ஆயருக்கு ஆள் அனுப்பியாயிற்று. ஆறு பெருகிக் கிடக்கிறது, பாலத்தில் போக்குவரத்து இல்லை. அந்த ஆள் எப்போது போய், எப்போது திரும்ப?

இன்னொன்றும் முடிவாயிற்று. எழுதக் கை கூசுகிறது. புனிதையைக் கீழே இறக்கப் போகிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

இறக்கினோம்.

பீடத்தின் மேலிருந்து எலும்புப் பேழையை நாலு பேர் தூக்கினோம். பாட்டு இல்லை. மெழுகுதிரி எல்லாவற்றையும் அணைத்தோம். வெறுந்தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் அவளை வைத்து, சுற்றிலும் மேலேயும் முள்ளை அடுக்கினோம். இலந்தை முள் போல நீள முள். வேலியிலிருந்து நானே வெட்டி வந்தேன். என் விரல் எல்லாம் கீறல். தலைமுறை தலைமுறையாகப் பொன் துணி போர்த்தி வைத்தவளை முள்ளில் கிடத்தியாயிற்று. நியாயம் கிடைக்கும்வரை நீயும் எங்களோடு தரையில் கிட, தாயே.

கோவில் பெரிய கதவையும் முள்ளால் அடைத்தோம். இனி ஊருக்குப் பூசை இல்லை, நேர்ச்சை இல்லை, கல்யாணம் இல்லை. வெளியே கூட்டம். ஒரு கிழவன் கதவில் நெற்றியை முட்டி முட்டி, "அவ என்ன பாவம் பண்ணா, அவள ஏன்மா தண்டிக்கிறீங்க?" என்று கேட்டான்.

ரிஷில்த் அக்கா கதவுக்கு உள்ளே இருந்து உரத்துச் சொன்னாள்: "அதைக் கோட்டையில போய்க் கேளு!"

கேட்பார்கள் என்றுதான் நம்பிக்கை. ஊர் திரண்டு கோட்டைக்குப் போனால் பிரபு இறங்குவார். முன்னொரு காலத்தில் இறங்கியிருக்கிறார்களாம். ஆனால் அது எத்தனை நாளில் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 14

ஊர் முணுமுணுக்கிறது. கோட்டைக்குப் போகவில்லை. பிரபுவின் ஆட்கள் ஆலை வாசலில் ஈட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மாவு அரைக்கப் போகிறவன் வாயைத் திறப்பானா?

எர்சாந் தினமும் வாசலுக்கு வருகிறாள். இன்று கத்தவில்லை. கல்லில் உட்கார்ந்து வெங்காயத்தாள் உரித்துக்கொண்டே போவோர் வருவோரிடமெல்லாம், "உள்ள ஒரு செத்த அம்மாவுக்கு முள் குத்துதுன்னு ஊரே அழுது. உயிரோட இருக்கறவனுக்கு அழ ஆளில்ல" என்கிறாள்.

அந்தப் பேச்சு தேவ நிந்தையா? தெரியவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

மார்ச் 19

ரிஷில்த் அக்காவிடம் அனுமதி வாங்கி, கைதிக்குச் சோறு கொண்டு போகிறேன் என்று கோட்டைக்குப் போனேன். பார்லி ரொட்டி, உப்பு மீன், ஒரு கம்பளி.

குதிரை லாயத்துக்குக் கீழே ஓர் அறை. மேலே குதிரை மிதிப்பது இடி மாதிரி கேட்கிறது. பெர்னியேக்குத் தாடி வெளுத்திருந்தது. போன மாதம் அப்படி இல்லை. கம்பளியை வாங்கிப் போர்த்தவில்லை, கையைச் சுற்றிக்கொண்டான். வலது கையை.

பெரிய மனதோடு ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "எனக்காக மடத்து உரிமையை விடாதீங்க" என்கிற மாதிரி. அவன் சொன்னது இதுதான்:

"கொடுத்துருங்கம்மா."

ரொட்டியைப் பிட்டு அவன் பக்கம் நகர்த்தினேன்.

"செம்பு கலப்பாரு, தெரியும். எவனையோ பிடிச்சு அடிக்க வெப்பாரு, தெரியும். ஊரு நாசமாப் போகும், அதுவும் தெரியும். ஆனா எனக்குக் கை வேணும்மா. சட்டை முடிச்சு எப்படிப் போடுவேன்? எர்சாந்த எப்படித் தொடுவேன்?" சிரிக்கப் பார்த்தான். "இடது கையால சிலுவை போட்டா சாத்தான் பிடிச்சிக்குவான்னு எங்கப்பன் சொல்லுவாரு."

வெளியே வரும்போது கிரிமோ படியில் நின்றிருந்தான். "கம்பளி நல்லாருக்கு. கை வெட்டினப்புறமும் உதவும்" என்றான்.



மார்ச் 22

ஆயரிடம் போன ஆள் திரும்பவில்லை.

அச்சுப் பெட்டியின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. நடக்கும்போது தொடையில் இடிக்கிறது. இத்தனை வருஷமும் இடித்ததுதானே, இப்போது மட்டும் ஏன் உறைக்கிறது?

கீழ்ப்படிவேன் என்று பீடத்தின் முன்னால் சொன்னவள் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மார்ச் 25, மாதா மங்கள வார்த்தைத் திருநாள்

எர்சாந்தைப் பட்டறைக்குள் கூட்டிவந்தேன். பெர்னியேயின் கருவிகளை எடுத்துப் போகட்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் அவளிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கவா?

அவள் சம்மட்டியை எடுத்துத் துணியில் சுற்றினாள். உளிகளைச் சுற்றினாள். ஒரு சின்ன எஃகுக் குத்தூசியை எடுத்தவள், சுற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதால ஒரு தடவ கை வழுக்கிருச்சு அவனுக்கு. ஞாபகம் இருக்கா? அச்சுல ஒரு புள்ளி விழுந்துருச்சு. காசுல புனிதை கன்னத்துல பரு மாதிரி நின்னுது. சந்தையில பிள்ளைங்க கூட அந்தக் காச எடுத்துக் காட்டி, 'ஐய, அம்மாவுக்கு அம்மை'ன்னு சிரிச்சாங்க. தாயார் எல்லாத்தையும் திருப்பி வாங்கி உருக்கச் சொல்லிட்டாங்க."

ஞாபகம் இருந்தது. நான்தான் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியவள்.

இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் குத்தூசியைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். முதலில் யார் பேசினோம் என்பது நினைவில்லை.

அச்சைக் கொடுத்துவிடுவது. ஆனால் கொடுக்குமுன் சிலுவைக் கையின் மூலையில் ஒரு புள்ளி. அதில் அடிக்கிற ஒவ்வொரு காசும் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். மடத்துப் பழைய காசில் புள்ளி இல்லை. புள்ளி உள்ளது பிரபுவின் காசு, தொடாதே என்று ஊருக்குச் சொன்னால் போதும்.

"வாங்கறப்பவே பாத்துருவான் அந்தக் கிரிமோ. காசோட வெச்சுப் பாப்பான்" என்றேன்.

எர்சாந் உதட்டைக் கடித்தாள். "குழிய மெழுகால அடைச்சு, மேல புகைக்கரி தேய்ச்சா? இரும்பு நிறத்துக்கு வந்துரும். நாலு அடி விழுந்தா மெழுகு தானா தெறிச்சுடும். அதுவரைக்கும் எங்களுக்கு நேரம் இருந்தாப் போதும்."

எங்களுக்கு என்றால் அவளுக்கும் அவனுக்கும். புள்ளி தெரிந்த அன்றைக்கு அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கக் கூடாது. எனக்கு? நான் எங்கே போவேன்.

மார்ச் 26

மற்றவர்கள் காலை ஜெபத்தில் இருந்தபோது நாங்கள் பட்டறையில் இருந்தோம். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். எழுதிவைக்கிறேன்.

நான் அச்சைப் பிடித்துக்கொண்டேன், எர்சாந் அடித்தாள். முதல் அடியில் குத்தூசி நழுவியது. என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. இரண்டாம் அடியில் விழுந்தது, கடுகு அளவு.

மெழுகை வைத்து, நகத்தால் வழித்து, கரியைத் தேய்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தெரியவில்லை. அங்கே இருக்கிறது என்று அறிந்தவளுக்கே தெரியவில்லை.

ரிஷில்த் அக்காவிடம் சொல்லலாமா என்று நாளெல்லாம் நினைத்தேன். சொன்னால் வேண்டாம் என்பாள். அப்புறம் செய்தால் அது இன்னும் பெரிய பாவம். சொல்லாமல் செய்தால், நாளைக்குக் கோட்டையார் கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். அவள் வாயில் பொய் வராது. — இது காரணமா, சாக்கா?

மார்ச் 28, வெள்ளி

நாளை சந்தை. மேடை போட்டாகிவிட்டது. மரக்கட்டை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

அச்சு இரண்டையும் மேலாடைக்குள் கட்டிக்கொண்டேன். எர்சாந் கூடவே வந்தாள். பட்டப்பகல். யாராவது தடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று பாதி வழிவரை நினைத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை மட்டும் எனக்கு முழங்கால் போட்டாள். புனிதைக்காக முள் வெட்டியவள் என்று மரியாதை.

கோட்டையில் கிரிமோ அச்சைச் சன்னலண்டை கொண்டுபோனான். மடியிலிருந்து ஒரு காசை எடுத்தான். முதலில் மேலச்சு. புனிதையின் முகத்தைக் காசோடு வைத்துப் பார்த்தான். எழுத்தை விரலால் தடவினான். பிறகு கீழச்சு. சிலுவை. சாய்த்தான். மறுபடி சாய்த்தான்.

சன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் மழை, இன்றைக்குப் பார்த்து வெயில்! மெழுகு இளகுமா? அவன் கட்டைவிரல் சிலுவையின் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு நகர்ந்தது. எனக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே" என்பதுகூட வரவில்லை.

எர்சாந் திடீரென்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் அழாதவள்! தரையில் விழுந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "மவராசா, இன்னும் என்னத்தப் பாக்குறீங்க, குடுத்தாச்சே, எம்புருசன விடுங்க, உங்க பிள்ளைகுட்டி நல்லாருக்கும்—"

"விடு, சீ, விடு!" காலை உதறிக்கொண்டு அவன் அச்சை மேசைமேல் வைத்துவிட்டான். "அவனைக் கூட்டிட்டுப் போய்த் தொலை."

அந்த அழுகையில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம்? அவளுக்கே தெரிந்திருக்காது.

பெர்னியே வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். இரண்டு கையாலும்.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆற்றுக்கு. வெள்ளம் வடிந்து ஓடம் விட ஆரம்பித்திருந்தார்கள். அக்கரை அரசரின் நிலம். துணிமூட்டையில் கருவிகள் கிலுங்கின. பெர்னியேக்கு என்ன நடந்தது என்றே சரியாகத் தெரியாது. "அச்சக் கொடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். எர்சாந் நன்றி சொல்லவில்லை. "விரல்ல வெண்ணெய் தடவுங்க, இல்லேன்னா நகம் விழுந்துரும்" என்றாள்.

மார்ச் 29

சபைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தரையில் விழுந்து சொன்னேன். அச்சைக் கொடுத்துவிட்டேன் என்று.

யாரோ வீறிட்டார்கள். ரிஷில்த் அக்கா என் இடுப்பிலிருந்து சாவியைத் தானே கழற்றினாள். "இவ இனிமே பண்டசாலைக்காரி இல்ல. பாட்டுக் கூடத்துல கடைசி இடம். சாப்பாட்டுல பேச்சு இல்ல. சலவைக் கொட்டில்ல வேலை."

பின்பு என்னைத் தனியே நிறுத்தி, "ஏன்?" என்று கேட்டாள். புள்ளியைப் பற்றிச் சொன்னேன்.

"கெட்டிக்காரத்தனம்" என்றாள், வசவு மாதிரி. "அந்தப் புள்ளி உன் கீழ்ப்படியாமையை அழிச்சிடாது, ஒதீல். உன்னை நம்பித்தான் நான் எழுந்து நின்னு பேசினேன். என் முதுகுக்குப் பின்னால பெட்டியத் திறந்திருக்கே."

"ஆமாக்கா."

"அவங்க எங்க போனாங்க?"

"அக்கரைக்கு. அதுக்கு மேல தெரியாது."

"தெரிஞ்சாலும் சொல்லாதே."

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசை இல்லாத குருத்து ஞாயிறு. புனிதை இன்னும் முள்ளில். என்னோடு யாரும் பேசவில்லை. துணி வெளுக்கிற சாம்பல் தண்ணீர் கையை அரிக்கிறது.

ஏப்ரல் 24

ரிஷில்த் அக்காவையே தாயாராகத் தேர்ந்தெடுத்தோம். நானும் அவளுக்குத்தான் சொன்னேன்.

புதுக் காசு வந்துவிட்டது! பிச்சை போடும் வாசலில் ஒருத்தி கொண்டுவந்து காட்டினாளாம். பளபளவென்று இருக்கிறது. சிலுவை மூலையில் கடுகு மாதிரி புள்ளி. புதுத் தாயார் மதில்மேல் ஏறி நின்று, முழங்கால் வலியோடு, சந்தைக்குப் போகிற ஜனங்களிடம் சொன்னாள்: "புள்ளி வெச்ச காசு புனிதையோடது இல்ல. அடிச்சது நாங்க இல்ல. வாங்காதீங்க."

கேட்டவன் ஓடிப்போய் இன்னொருவனிடம் சொல்ல, மத்தியானத்துக்குள் ரொட்டிக்காரி முதல் உப்புக்காரன்வரை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்களாம்.

ஏப்ரல் 26

வெங்காயம் விற்கிற தியேபோ விதவை வாசலில் உட்கார்ந்து அழுதாள். தாயார் சொல்வதற்கு முந்தின நாள் கூடை கூடையாக விற்றிருக்கிறாள், எல்லாம் புள்ளிக்காசு. "நான் என்னத்தக் கண்டேன், வெள்ளையா இருந்துச்சு, வாங்கிட்டேன்."

அவள் வயிற்றில் மண்ணைப் போட்டது யார்? அந்தக் குத்தூசி இறங்க அச்சை இறுக்கிப் பிடித்த கை என்னுடையது. தாயார் அவளுக்கு மடத்துக் கோதுமை கொடுக்கச் சொன்னாள். அவளைப் போல இன்னும் எத்தனை பேர், வாசலுக்கு வரத் தெரியாதவர்கள்?

மே 3

வந்துவிட்டார்கள்.

கோட்டைச் சேவகர்களுக்கே புள்ளிக்காசில்தான் சம்பளமாம். சாராயக்கடையில் அதை வாங்க மறுக்க, அவர்கள் மேசையை உடைத்து, கடைசியில் கோட்டை வாசலிலேயே காசை வீசியெறிந்திருக்கிறார்கள். பிரபு கிரிமோவைக் கன்னத்தில் அறைந்தாராம். அறை வாங்கினவன் ஆட்களோடு நேரே இங்கே வந்தான்.

நான் சலவைக் கொட்டிலில் அண்டாவுக்குப் பின்னால் இருந்தேன். முற்றத்தில் பேசியது எல்லாம் கேட்டது.

"அச்சக் கொண்டாந்த அந்தப் பண்டசாலைக்காரி எங்க? அவளக் கொடுங்க."

தாயாரின் குரல், அவசரமே இல்லாமல்: "பண்டசாலைக்காரி ழான்தான். இதோ நிக்கிறா. இவ கோட்டைக்கு வந்தாளா?"

"இவ இல்ல! மூக்கு நீளமா, ஒல்லியா—"

"அவளை நான் பதவியிலேர்ந்து இறக்கி ரொம்ப நாளாச்சு. எங்க சொல்லைக் கேக்காம உங்களுக்கு அச்சைத் தூக்கிக் கொடுத்தா இல்லியா, அதுக்குத் தண்டனை. உங்களுக்கு நல்லது செஞ்சவளை நீங்களே தேடி வந்திருக்கீங்களே, ஆச்சரியமா இருக்கு."

யாரோ ஒரு சேவகன் சிரித்துவிட்டான். சம்பளம் கிடைக்காதவனாக இருக்கும்.

"வழிய விடுங்கம்மா. தேடிப் பாத்துக்கறோம்."

"தேடு. ஆனா அந்தக் கோவிலைத் தாண்டித்தான் உள்ள போகணும். தரையில முள்ளுல கிடக்கறா. அவளைத் தாண்டிக் காலை வை. உன் அம்மா உன்னைப் பெத்தப்ப யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளோ அவளைத் தாண்டி."

காலடிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. நான் வாயில் ஈரத் துணியை அடைத்துக்கொண்டிருந்தேன், மூச்சு கேட்டுவிடும் என்று. பிறகு குதிரைகள் திரும்பின.

அவள் என்னைப் பார்க்கக் கொட்டிலுக்கு வரவில்லை. சாப்பாட்டில் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மே 11

இன்று ஊர் கோட்டைக்குப் போனது. கடைசியில் போனது. ரொட்டிக்காரி முன்னால், ஆலைக்காரன் பின்னால். ஈட்டிக்காரர்களும் அவர்களோடே நடந்தார்களாம்.

மே 28

அன்சோ பிரபு வெறுங்காலோடு கோவில் வாசலுக்கு வந்தார். ஆயரின் ஆளும் ஒருவழியாக வந்து சேர்ந்து பக்கத்தில் நின்றான். பிரபு முள்ளைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டார். முகத்தில் வருத்தம் இல்லை, சலிப்புதான். பேழையைத் தூக்கிப் பீடத்தில் ஏற்றினோம். கடைசி இடத்துக்காரி என்பதால் எனக்குத் தூக்க இடம் கிடைக்கவில்லை, திரி பிடித்தேன். கதவைத் திறந்ததும் ஜனங்கள் புகுந்த வேகத்தில் திரி அணைந்துவிட்டது.

அச்சு உருகிவிட்டது என்கிறார் பிரபு. உருக்கினாரோ, ஒளித்தாரோ. தாயார் புதிதாக வெட்டப் போவதில்லை என்று சபையில் சொன்னாள். வெட்ட ஆளும் இல்லை, நம்பி வாங்கப் போகிறவர்களும் இல்லை. புள்ளி இருக்கிறதா என்று பார்த்துப் பழகிவிட்ட கண் இனிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். ஊரில் அரசரின் காசு புழங்க ஆரம்பித்துவிட்டது. இருநூறு வருஷ உரிமை என்பார்கள். ஒரு தவக்காலத்தில் போயிற்று.

பழைய சகோதரிகள் சிலர் அழுதார்கள். என்னைப் பார்த்தபடி அழுதார்கள்.

ஜூன் 17

வெயில். நோயாளிக் கூடத்துப் பெரிய விரிப்புகள் எல்லாம் இன்று சலவைக்கு வந்தன. ஒத்தையாளாக முறுக்க முடியாது. ஒரு முனையைத் தூணில் கட்டிவைத்து மறுமுனையை முறுக்குவேன், தூண் பக்கம் பிழியாமலே நின்றுவிடும்.

கொட்டில் வாசலில் நிழல் விழுந்தது. தாயார். கோலை ஊன்றிக்கொண்டு.

"தண்டனையைக் குறைக்கப் போறேன்னு நினைக்காதே" என்றாள்.

"இல்ல தாயே."

"மறுபடி இதே நடந்தா மறுபடி இதையேதான் விதிப்பேன்."

"தெரியும்."

"நீயும் மறுபடி அதையேதான் செய்வே."

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கோலைச் சுவரில் சாய்த்தாள். அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டினாள். தூணில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து, விரிப்பின் அந்த முனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் முறுக்கு" என்றாள். முறுக்கினோம். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.